மூட்டையோடு கணக்கை நிறுத்திவிடாதீர்கள்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயற்பியல் ஆசிரியர்களுக்கு,

வேலை, ஆற்றல், திறன் பாடத்துக்கு வந்ததும் நீங்கள் கரும்பலகையில் முதலில் போடும் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல். ஒருவர் ஒரு மூட்டையைத் தரையிலிருந்து தூக்கினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை எம்ஜிஎச். நிறை 40 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் ஒன்றரை மீட்டர். பெருக்கினால் 588 ஜூல். விடைக்கு அடியில் இரண்டு கோடு போடுகிறீர்கள். அடுத்த கணக்கில் அதே ஆள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் நடக்கிறார். விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டமாக, இடையில் 90 பாகை. ஆகவே வேலை சுழி. அதற்கடுத்த கணக்கில் அவர் மூட்டையோடு அசையாமல் நிற்கிறார். இடப்பெயர்ச்சியே இல்லை, வேலை சுழி.

மூன்று விடைகளும் சரி. அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் என்ன எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதில்தான் என் மனக்குறை. "மூட்டை தூக்குபவர் செய்யும் வேலை சுழி" என்ற ஒரு வரியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் வகுப்பில் லோடுமேனின் மகன் இருக்கிறான். கலவைச் சட்டியை மூன்றாம் மாடிக்குச் சுமக்கும் சித்தாளின் மகள் இருக்கிறாள். அந்த வரி அவர்கள் காதில் எப்படி விழும் என்று நீங்கள் யோசித்திருப்பீர்களா என்று தெரியவில்லை. நான் லோடுமேன் வீட்டுப் பிள்ளை. பிற்பாடு இயற்பியலே படித்தேன். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

மேலே சொன்ன 40 கிலோ நான் சும்மா எடுத்துக்கொண்ட எண் அல்ல. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. நெல்லைத் தூற்றி, சாக்கில் பிடித்து, எடை போட்டு, வாயைத் தைத்த பிறகு அது அட்டிக்கு, அதாவது மூட்டை அடுக்குக்கு, போக வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகச் சாக்கின் காதுகளைப் பிடித்து ஒரே மூச்சில் எக்கிவிடுவார்கள். சும்மாடு கட்டிய மூன்றாம் ஆள் அந்த நேரத்துக்குச் சரியாக அடியில் போய் நிற்பார். சிப்பம் தலையில் இறங்கும்போது அவர் முழங்கால் சற்று மடங்கும். கழுத்து நேராகும் வரை ஒரு நொடி அப்படியே நிற்பார். பிறகு நடை என்றும் ஓட்டம் என்றும் சொல்ல முடியாத சின்னச் சின்ன எட்டுகள். அட்டியில் படிபோல விட்டிருக்கும் மூட்டைகளின் மேல் ஏறி, இடம் பார்த்துக் கவிழ்த்து, காலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுத் திரும்புவார். நான் பார்த்து வளர்ந்தது இதைத்தான்.

இதில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

சிப்பத்துக்குக் கிடைத்தது 588 ஜூல். ஒரு நாளில் ஒருவர் 300 சிப்பம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 12 டன் நெல். பெருக்கினால் 1,76,400 ஜூல் வருகிறது. ஒரு கிலோகலோரி என்பது 4,184 ஜூல். ஆக மொத்தம் 42 கிலோகலோரி; கிட்டத்தட்ட ஓர் இட்லி. பன்னிரண்டு டன் நெல்லை ஆள் உயரத்துக்குத் தூக்க ஓர் இட்லி போதும் என்று சூத்திரம் சொல்கிறது. இந்த இடத்தில் வகுப்பை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை மட்டுமல்ல, யோசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இங்கே கை தூக்கும். கை தூக்காவிட்டால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பிள்ளை சூத்திரத்தை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டுவிட்டது என்று பொருள்.

ஆனால் லோடுமேனின் ஒரு நாள் உழைப்புக்கு ஓர் இட்லி போதாது என்று எல்லோருக்கும் தெரியும். மிச்சம் எங்கே போனது? தசை தான் செலவழிக்கும் ஆற்றலில் மிஞ்சிப் போனால் நான்கில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும். மற்றதெல்லாம் வெப்பம். அதனால்தான் கார்த்திகை மாதக் குளிரிலும் லோடுமேனின் முதுகில் வேர்வை வழிகிறது. அடுத்து, அவர் சிப்பத்தை மட்டுமா தூக்கினார்? தன் உடம்பையும் சேர்த்தே தூக்கினார். 60 கிலோ ஆள் சிப்பத்தோடு மூன்று மீட்டர் உயர அட்டியில் ஏறினால் சிப்பத்துக்கு 1,176 ஜூல், உடம்புக்கு 1,764 ஜூல், ஆக 2,940 ஜூல். ஏறியதில் பாதிக்கு மேல் சொந்த உடம்புக்கே போகிறது. வெறுங்கையோடு இறங்கும்போது அந்த 1,764 ஜூல் அவருக்குத் திரும்பி வருவதில்லை. தசையில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. அடுத்த சிப்பத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டும். "அவர் செய்த வேலை என்ன?" என்று கேட்டுவிட்டு 1,176 என்று எழுதியவனுக்கு மட்டும் மதிப்பெண் போடுவது எப்படி நியாயமாகும்? அது சிப்பத்தின் மீது செய்த வேலை. கேள்வி அவரைப் பற்றியது.

பாடநூல்மீது பழி போட நான் வரவில்லை. தேசியப் பாடத்திட்டத்தின் 9ஆம் வகுப்பு அறிவியல் நூலை எடுத்துப் பாருங்கள். சுமைதூக்குபவர் 15 கிலோ சுமையைத் தரையிலிருந்து எடுத்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தலைமேல் வைக்கும் கணக்கு அதில் உண்டு. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து 225 ஜூல் என்று விடை. அந்த வினா சுமையின் மீது அவர் செய்த வேலையைத்தான் கேட்கிறது. தலையில் பாரத்தோடு சும்மா நிற்பதைப் பற்றிப் பேசும் இடத்திலும், நீங்கள் களைத்துப்போவீர்கள், ஆற்றல் செலவாகும் என்று ஒப்புக்கொண்ட பிறகே, பாரத்தின் மீது வேலை நடக்கவில்லை என்கிறது. 11ஆம் வகுப்பு நூலில் 150 கிலோவைத் தோளில் 30 நொடி தாங்கி நிற்கும் பளுதூக்குபவரும் அப்படியே: அவர் பாரத்தின் மீது வேலை செய்யவில்லை என்றுதான் சொல்லப்படுகிறது. நூலை எழுதியவர்கள் கவனமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவனம் வகுப்பறையில் விழுந்துவிடுகிறது. பிறகு வழிகாட்டி நூல்களில் விழுகிறது, ஒரு மதிப்பெண் வினாக்களில் விழுகிறது, கடைசியில் "சுழி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சுகிறது.

நிற்கும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மூட்டையைத் தாங்குகிறது; மேசைக்குச் செலவு ஏதும் இல்லை. மனிதர் தாங்கினால் செலவு உண்டு. ஏன்? தசை இழைக்குள் மயோசின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடியும் பற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏடிபி மூலக்கூறு செலவாகிறது. மூட்டை அசையாமல் இருக்கலாம். உள்ளே இழைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியே தசை சுருங்குகிறது என்பதை 1954இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடைய ஒருவர் இருந்தார், அவர்கள் உறவினர்கள் அல்லர். அதற்கு வெகு முன்பே தசையில் பிறக்கும் வெப்பத்தை அளந்ததற்காக ஏ. வி. ஹில் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். நிற்பவருக்கு ஏன் களைக்கிறது என்பதற்கு அறிவியலில் விடை இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அது உயிரியல் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளை கேட்பது ஒரே கேள்வி. அதைத் துறை துறையாகப் பிரித்தது நாம்தான்.

நடக்கும் கணக்கு இன்னும் சுவையானது. சமதரையில் நடப்பவரின் தலை நேர்கோட்டில் போவதில்லை. ஒவ்வோர் எட்டிலும் உடம்பு சில செ.மீ. உயர்ந்து தாழ்கிறது. 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஓர் எட்டுக்குச் சிப்பத்தின் நிலை ஆற்றல் மட்டும் 15.68 ஜூல் ஏறி இறங்குகிறது. 50 எட்டில் 784 ஜூல். தரையிலிருந்து தலைக்குத் தூக்கியதைவிட இது அதிகம்! ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டினால் சுழி என்பது உண்மைதான். ஊசல்போல நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறி ஒரு பகுதி மீள்கிறது. மீளாததைத் தசைதான் ஒவ்வோர் எட்டிலும் ஈடுகட்ட வேண்டும். லோடுமேன் முழங்காலை மடக்கிச் சின்ன எட்டாக வைப்பதன் காரணத்தை மாணவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஆய்வாளர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கென்யாவில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையான சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் சுமக்கிறார்கள் என்று 1986இல் அளந்தார்கள். ஊசல் மாற்றத்தை அவர்கள் மற்றவர்களைவிடத் திறமையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. 2005இல் நேபாள மலைப்பாதையில் நடத்திய ஆய்வில் ஆண் சுமையாளர்கள் தம் எடையில் சராசரியாக 93 சதவீதம் சுமந்ததாகப் பதிவு செய்தார்கள். நீங்கள் சுழி என்று சொல்லிக் கடந்துபோகும் நடையை உலகின் முதன்மையான அறிவியல் இதழ்கள் பக்கம் ஒதுக்கி ஆராய்ந்திருக்கின்றன.

பிளஸ் ஒன் படிக்கும்போது வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா காதில் விழுந்தது. "தூக்குறதுக்கு ஒரு கணக்கு சொல்றியே, எறக்குறதுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டார். மைனஸ் வரும் என்றேன். "மைனஸ்னா?" தூக்கும்போது கொடுத்ததை இறக்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். "அப்ப சாயந்தரம் எனக்கு ஏன் தோளு இப்படி வலிக்குது?" என்றார். அவர் கேட்டது கேலிக்கு அல்ல; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த நாள் வகுப்பில் அதையே நான் கேட்டேன். "தேர்வுக்கு வராது, உட்கார்" என்று பதில் வந்தது. விடை தெரிந்துகொள்ள எனக்குக் கல்லூரி வரை ஆனது. இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதற்குத் தூக்குவதைவிடக் குறைந்த ஆற்றல் போதும். ஆனால் தசை இழைகள் அதிகம் சேதமாவது அப்போதுதான். மறுநாள் எழும்போது இருக்கும் வலிக்குப் பெருங்காரணம் அதுவே. மூட்டை இழந்த ஆற்றலைத் தசை சேமித்து வைத்துக்கொள்வதில்லை. மைனஸ் என்பது மூட்டையின் கணக்கில் சரி. அப்பாவின் கணக்கில் அது வரவே இல்லை.

முதுகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது உங்கள் மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படும். 40 கிலோவை உடம்போடு ஒட்டித் தூக்கினாலும் 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்கினாலும் எம்ஜிஎச் ஒன்றுதான். முதுகெலும்புக்கு ஒன்றல்ல. தள்ளிப் பிடித்தால் திருப்புத்திறன் 392 × 0.4, அதாவது 156.8 நியூட்டன் மீட்டர். அதைச் சமன்செய்யும் முதுகுத் தசை முள்ளெலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே தசை இழுக்க வேண்டிய விசை 3,136 நியூட்டன். குனிந்திருக்கும் மேலுடம்பின் எடைக்கு ஆகும் விசை தனி. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் இடுப்பு வட்டின் மீதான அழுத்தத்துக்கு 3,400 நியூட்டனை எல்லையாகச் சொல்கிறது. 1991இல் அது திருத்திய தூக்குதல் சமன்பாட்டின்படி, எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோதான். பாரம் உடம்பிலிருந்து தள்ளிப்போகப் போக அந்த 23உம் குறைந்துகொண்டே வரும். ஒரு சிப்பம் 40 கிலோ. திருப்புத்திறன் பாடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. கதவையும் திருகுசாவியையும் உதாரணம் காட்டி நடத்துகிறீர்கள். இந்த முதுகையும் ஒருநாள் உதாரணமாக எடுங்கள்.

உங்களில் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். இயற்பியல் எளிமைப்படுத்தித்தான் தொடங்க முடியும்; உராய்வில்லாத தளம், நிறையில்லாத கப்பி என்று சொல்லாமல் ஒரு பாடமும் நகராது; தசையையும் ஏடிபியையும் கொண்டுவந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை குழம்பிவிடும். எளிமை தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. வேலைக்கு வேறு பெயர் வையுங்கள் என்றோ வரையறையை மாற்றுங்கள் என்றோ நான் கேட்கவும் இல்லை. ஆனால் நிறையில்லாத கப்பி என்று சொல்லும்போது "நிறையில்லாத" என்று வாய்விட்டுச் சொல்கிறீர்களே! எதை விட்டோம் என்று அங்கே சொல்கிறீர்கள், மனிதரை விட்டபோது மட்டும் சொல்வதில்லை. பிள்ளை குழம்புவது எதனால் என்பதையும் பாருங்கள். எடைக்குச் சமமான விசை கொடுத்தால் மூட்டை எப்படி மேலே போகும் என்று கேட்கும் பிள்ளைக்கு, தொடக்கத்தில் எக்கும்போது விசை எடையைவிடச் சற்று அதிகம், உச்சியில் நிற்கப்போகும்போது சற்றுக் குறைவு, ஓய்வில் தொடங்கி ஓய்வில் முடிந்தால் மொத்தம் எம்ஜிஎச்சே வரும் என்று சொன்னால் தெளிவுதான் கிடைக்கும். உண்மையைச் சொல்லிக் குழம்பிய பிள்ளையைவிட, சொல்லாமல் விட்டதால் வாயடைத்த பிள்ளைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கு பிறந்ததே உழைப்பவர்களைப் பார்த்துத்தான். மின்னூட்டங்களுக்கான விதிக்காக நீங்கள் நடத்தும் அதே கூலூம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர் ஒரு நாளில் எவ்வளவு உழைக்க முடியும் என்று தனியாகவே ஓர் ஆய்வு எழுதினார். சுமையோடு படியேறுபவர், வெறுங்கையோடு ஏறுபவர், மண்வெட்டி பிடிப்பவர் என்று ஒவ்வொருவரையும் எடுத்துக்கொண்டு, கிடைத்த பயனையும் அதற்கு ஆன களைப்பையும் வேறு வேறாக வைத்துப் பார்த்தார். விசையையும் தூரத்தையும் பெருக்கிய அளவுக்கு வேலை என்ற பெயரை கொரியாலிஸ் 1829இல் நிலைநிறுத்தியதும் இயந்திரங்கள் தரும் பயனைக் கணக்கிடும் நூலில்தான். வெறுங்கையோடு ஏறுபவர் நாள் முழுவதும் கூடுதலாக ஏற முடியும், ஆகவே ஏறிவிட்டுத் தன் எடையாலேயே சுமையை உயர்த்துவது மேல் என்ற எண்ணம் கூலூமின் கணக்கிலிருந்து கிளைத்தது. நம் ஊரில் கிணற்று நீர் இறைத்த ஏற்றத்தில் துலாமேல் ஏறி மிதித்தவர்கள் செய்ததும் அதுதான்: முதலில் தன் உடம்பை உயர்த்தினார்கள், பிறகு அது இறங்க, சால் தண்ணீரோடு மேலே வந்தது. எம்ஜிஎச் ஓர் உடம்பிலிருந்து ஒரு சாலுக்கு மாறிய கதை. இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? இதை ஏன் நடத்துவதில்லை?

ஆகவே கேட்கிறேன். "சுழி" என்று எழுதும்போதெல்லாம் எதன் மீது என்று சேர்த்து எழுதுங்கள், சேர்த்து எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள். சுழிக்கு உதாரணம் தேடினால் தலைச்சுமைக்காரரிடம் போக வேண்டாம். மேசைமேல் வைத்த புத்தகம் போதும், சுவரில் சாய்த்து வைத்த கம்பி போதும். ஒரு வகுப்பையாவது வெளியே கூட்டிப்போங்கள். பள்ளி மாடிப்படியின் உயரத்தை டேப் வைத்து அளக்கட்டும், தங்கள் எடையையும் புத்தகப் பையின் எடையையும் போட்டுப் பார்க்கட்டும், பைக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். வீட்டில் சுமை தூக்குபவர் இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் இடம் கொடுங்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு உங்களில் சிலரிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் கணக்கை இப்படிக் கேளுங்கள்: 60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 கிலோ சிப்பத்தைச் சுமந்து 3 மீட்டர் உயர அட்டியில் ஏறுகிறார். (அ) சிப்பத்தின் மீது புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? (ஆ) தன் உடம்பை உயர்த்த அவர் செய்த வேலை எவ்வளவு? (இ) தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கே வேலையாக மாறுகிறது எனில், அவர் செலவழித்த ஆற்றல் எவ்வளவு? (ஈ) அவர் வெறுங்கையோடு இறங்கியதும் தன் உடம்பை உயர்த்தச் செலவான ஆற்றல் ஏன் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை? கடைசிக் கேள்விக்கு மதிப்பெண் சற்று அதிகமாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
கொள்முதல் நிலையத்து லோடுமேன் ஒருவரின் பிள்ளை